மதுரையில் கருக்கலைப்புக்குப் போன இரண்டு மருத்துவமனைகள்: என் அனுபவம்

தங்கையின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஏழு வாரம், மூத்தவனுக்கு இன்னும் ஒரு வயதுகூட ஆகவில்லை, வேண்டாம் என்று அவளே முடிவெடுத்தாள். இரண்டு இடங்களின் பெயரையும் போடவில்லை.

முதல் இடம் பெரிய கட்டடம், ஏசி ஹால். படிவத்தை நீட்டி, "இங்க ஒரு கையெழுத்து, வீட்டுக்காரரும் போடணும்" என்றார்கள். பதினெட்டு வயது தாண்டியவளுக்குச் சட்டப்படி அவள் சம்மதமே போதும், புருஷன் கையெழுத்து தேவையில்லை. சரி, என்ன ஆபத்து வரலாம் என்று கேட்டால் சிஸ்டர், "கலைச்சா அப்புறம் பிள்ளையே தங்காது, மார்புப் புற்றுநோய்கூட வரும்னு சொல்றாங்க" என்றார். தங்கைக்கு முகமே வெளுத்துவிட்டது. இந்தப் புற்றுநோய்ப் பேச்சை அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் அரசுக் கையேட்டிலேயே அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் 16 நாடுகளின் 53 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, கலைப்பதால் அந்த ஆபத்து கூடுவதில்லை என்று 2004லேயே லான்செட் மருத்துவ இதழில் வந்துவிட்டது.

இரண்டாவது சின்ன இடம், அங்கீகாரச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருந்தது. டாக்டரம்மா முதலில் ஸ்கேனில் கரு கர்ப்பப்பையில்தான் இருக்கிறதா என்று பார்த்தார், ஏனென்றால் கருக்குழாயில் தங்கியிருந்தால் கலைக்கிற மாத்திரை கேட்காது, குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. அப்புறம் ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தார்: இன்று ஒரு மாத்திரை, இரண்டு நாள் கழித்து நாலு. சிலருக்கு முழுதாக வெளியேறாது, அப்போது உறிஞ்சி எடுக்க வேண்டிவரும் என்பதையும் மறைக்கவில்லை. "ஒரு மணி நேரத்துல ரெண்டு பெரிய பேட் முழுசா நனைஞ்சு, ரெண்டு மணி நேரம் அப்படியே போச்சுன்னா, எந்த ராத்திரின்னாலும் கூப்பிடும்மா."

பயந்துவிடுவாள், எதுவும் சொல்லாதீர்கள் என்பவர்களும் உண்டு, என் மாமியாரே அப்படித்தான் சொன்னார். எனக்கு அது சரியாகப் படவில்லை. நாலு மாத்திரை போட்ட அன்று ராத்திரி நல்ல வலி, நல்ல உதிரப்போக்கு. தங்கை அந்தத் தாளைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேடை எண்ணினாள். ஒரு மணி நேரத்துக்கு ஒன்றுகூட நிறையவில்லை. இரண்டு மணிக்கெல்லாம் தூங்கிவிட்டாள். இரண்டு வாரம் கழித்து ஸ்கேனில் எல்லாம் சுத்தம்.

ஒரே ஒரு குறை. வளைகாப்பு முடிந்து கை நிறைய வளையலோடு வந்தவர்களுக்கு நடுவில்தான் இவளும் ஒரு மணி நேரம் உட்கார வேண்டியிருந்தது, தலையைத் தூக்கவே இல்லை. உள்பக்கம் தனியாக ஒரு பெஞ்ச் போடுங்கள், டாக்டரம்மா.