நாணில் எதைக் கட்டுவது? கிஸ்ஸர், மூக்குப் பொத்தான், பீப் மூன்றையும் எடை போட்டால்

70 மீட்டர் தொலைவில் நிற்கும் 122 செ.மீ. இலக்குத் தாளில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 12.2 செ.மீ. நம் கண்ணிலிருந்து வில்லின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சைட் என்ற குறிபார்க்கும் கருவி வரை ஏறக்குறைய 90 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். நாண் பிடித்த கை தாடையில் வழக்கமாக அமரும் இடத்தைவிட 1 மி.மீ. கீழே அமர்ந்துவிட்டால், எளிய விகிதக் கணக்கின்படியே அம்பு 8 செ.மீ. அளவுக்கு மேலே போய்க் குத்தும். நட்ட நடுவைக் குறிவைத்தவருக்குப் பத்து ஒன்பதாகிவிடும். துப்பாக்கியில் முன்குறி, பின்குறி இரண்டுமே இரும்பில் முடுக்கப்பட்டிருக்கும். வில்லுக்கோ பின்குறி நம் முகம்தான். ஆங்கர் என்று வில்லாளிகள் சொல்லும் அந்த இடத்தை ஒவ்வொரு அம்புக்கும் மாறாமல் கண்டுபிடிக்கத்தான் நாணில் இந்தச் சின்னஞ்சிறு பொருள்களைக் கட்டுகிறோம்.

எதை வாங்கலாம் என்று கேட்பவரிடம் நான் முதலில் கேட்பது, அவர் கையில் இருப்பது எந்த வில் என்பதைத்தான். உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் விதிப்படி நுனிகள் வெளிப்புறம் வளைந்த ரிகர்வ் வில்லின் நாணில் உதட்டுக்கோ மூக்குக்கோ அடையாளமாக ஒரே ஒரு பொருளைக் கட்டலாம். துளை வழியே பார்த்துக் குறிவைக்கும் பீப் சைட்டுக்கு அங்கே இடமில்லை. இரு முனைகளிலும் கப்பிகள் பொருத்திய காம்பவுண்ட் வில்லில் பீப், உதட்டுப் பொத்தான் (கிஸ்ஸர்), மூக்குப் பொத்தான் எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டு. சைட் இல்லாமல் எய்யும் பேர்போ பிரிவில் உதடு, மூக்கு அடையாளங்கள் எதுவும் கூடாது. இதை அறியாமல் ரிகர்வ் நாணில் பீப் பொருத்திப் பழகிவிட்டு, முதல் போட்டிக்கு முந்தைய நாள் கழற்ற நேர்ந்தவர்களின் முகவாட்டத்தைப் பார்த்திருக்கிறேன்.

கிஸ்ஸர் பட்டன் என்பது நடுவில் துளையுள்ள சிறிய பிளாஸ்டிக் வட்டு. அம்பு மாட்டும் இடத்துக்கு மேலே நாணில் கோத்து, நழுவாமல் இருக்க இருபுறமும் நூல் சுற்றியோ கவ்வி போட்டோ நிறுத்துவார்கள். நாணை முழுதும் இழுத்து நிற்கும்போது அது உதடுகளின் நடுவில் வந்து பட வேண்டும். விலை குறைவு, பொருத்துவதும் எளிது. புதிதாகக் கற்பவருக்கு "வந்துவிட்டேன்" என்று உடம்பே சொல்லும் ஓர் உணர்வை முதல் நாளிலேயே தந்துவிடுகிறது. அந்த அளவில் அதை மனதாரப் பாராட்டுவேன்.

ஆனால் உதடு எலும்பு அல்ல. பல்லோடு பல் மெல்லப் பொருந்தியிருக்கும்போது தாடை ஓர் இடத்தில் இருக்கும். களைப்பில் வாய் சற்றே திறந்தால் தாடை இறங்கும், அதன் அடியில் அமர்ந்த கையும் கூடவே இறங்கும். கீழுதடும் சேர்ந்து இறங்குவதால் வட்டு படும் உணர்வு பெரிதாக மாறுவதில்லை. அம்பு மட்டும் மேலே போகிறது. இன்னொரு தொல்லை, உதடு பொத்தானைத் தேடிப் போவது. கழுத்து முன்னால் நீளும், தலை சாயும், எப்படியாவது வட்டு வாயில் பட்டுவிட்டால் போதும் என்று மனம் ஒப்புக்கொண்டுவிடும்.

எனக்கே ஒரு முறை நடந்தது. ஒரு காலை முழுவதும் அம்புகள் சிறிது சிறிதாக மேலேறிக்கொண்டே போயின. சைட்டைத் திருகினேன், கைப்பிடியை மாற்றினேன், மூச்சைக்கூட மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால், கிஸ்ஸர் நாணில் நழுவி மேலே ஏறியிருந்தது. வட்டு மேலே போனால், அதை உதட்டுக்குக் கொண்டுவர நாணையே கீழே இறக்குகிறோம். அம்பின் வால் தாழ்கிறது, முனை உயர்கிறது. அன்றிலிருந்து கிஸ்ஸரின் மேல்விளிம்பில் நாணின் மீது வெள்ளை மையால் ஒரு கோடு போடாமல் நான் மைதானத்துக்குப் போவதில்லை. வளரும் பிள்ளைகளுக்கு இந்தக் கவனிப்பு இன்னும் கூடுதலாகத் தேவை. முகம் நீள நீள வட்டின் இடமும் மாறும். விரலுறையைப் புதிதாக மாற்றினாலும் மறுபடி அளக்க வேண்டும்.

மூக்குப் பொத்தானைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. எனக்கோ இது கிஸ்ஸரைவிட ஒரு படி மேல். நாண் மூக்கின் நுனியைத் தொடும் இடத்தில் ஒரு சிறு முடிச்சு, அவ்வளவுதான். நாண் சுற்றும் நூலாலேயே கட்டிக்கொள்ளலாம் என்பதால் எடை ஏறக்குறைய இல்லை. நாணில் சேரும் ஒவ்வொரு துளி எடையும் அம்பின் வேகத்தைச் சற்றே குறைக்கும் என்பதால் இதுவும் ஒரு நன்மைதான். இதன் உண்மையான பலம், தலை எவ்வளவு நிமிர்ந்திருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுப்பது. கை தாடை எலும்பின் அடியில், நாண் மூக்கு நுனியில். முகத்தில் ஒன்றுக்கொன்று தள்ளியிருக்கும் இரண்டு இடங்கள் ஒரே நேரத்தில் பட்டால் தலை சாய்வதற்கு இடமே இருக்காது.

வில்லின் நீளம் இதற்கு ஒத்துழைக்க வேண்டும். நீளமான வில்லில் நாண் நேராக எழுந்து மூக்கை வந்தடையும். நீளம் குறைந்த வேட்டை வகைக் காம்பவுண்டில் நாண் கூர்மையாக மடங்கிவிடுவதால், மூக்கு நாணைத் தேடிக் குனிய நேரிடும். அப்படியானால் மூக்குப் பொத்தான் ஆசையை விட்டுவிடுவதே நல்லது.

புராணக் கதைகளில் வில்லாளி நாணைக் காதுவரை இழுப்பான். படிக்க வீரமாக இருக்கும். ஆனால் காதருகே போன நாணுக்கும் கண்ணுக்கும் நேர்க்கோடு கிடைப்பதில்லை. இலக்கு வில்வித்தையில் நாண் கண்ணுக்கு நேர் கீழே முகத்தை ஒட்டி வந்து நிற்பதற்குக் காரணமே இந்த நேர்க்கோடுதான்.

அந்த நேர்க்கோட்டை அப்படியே நாணுக்குள் கொண்டுவந்தது பீப். 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் காம்பவுண்ட் பிரிவின் 5 தங்கங்களையும் இந்தியா வென்றது. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி முதல்முறையாக இடம்பெறுகிறது. புதிதாக வருபவர்கள் பலர் நேராகக் காம்பவுண்டையே கையில் எடுப்பதால் பீப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

நாணின் இழைகளை இரண்டாகப் பிரித்து நடுவில் செருகப்படும் சிறு வளையம் இது. துளை வழியே பார்க்கும்போது முன்னால் உள்ள சைட்டின் வட்டம் துளையின் வட்டத்துக்குள் சரியாக நடுவில் அமர வேண்டும். சுற்றிலும் தெரியும் ஒளி வளையம் ஒரு பக்கம் தடித்தால் முகம் இடம் மாறிவிட்டது என்று பொருள். உதடும் மூக்கும் உணர்வால் சொல்வதைப் பீப் கண்ணெதிரே காட்டிவிடுகிறது. துல்லியத்தில் மற்ற இரண்டும் இதனருகில் வர முடியாது.

துளையின் அளவில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 1/4 அங்குலத் துளையில் வெளிச்சம் தாராளம். மங்கிய மாலையிலும் பார்க்கலாம். 1/16 அங்குலத்துக்குப் போனால் படம் கூர்மையாகும், ஆனால் மேகம் மூடியதும் இருண்டுவிடும். நாற்பது வயதைத் தாண்டிய கண்களுக்குச் சிறிய துளை நல்ல துணை. எந்த அளவானாலும் சைட்டின் வட்டம் அதற்குள் சிறு இடைவெளியோடு அடங்குகிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். மழையில் துளைக்குள் நீர்த்துளி நின்றுவிட்டால், ஊதித் தள்ளிவிட்டுத்தான் அடுத்த அம்பு.

பீப் திரும்பிக்கொள்ளும் என்பது பழைய புகார். அதைத் தவிர்க்க ரப்பர் குழாய் கட்டி இழுத்துவைக்கும் வகையும் உண்டு. குழாய் பழசாகி அறுந்தால் முகத்தில் அடிக்கும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை. நல்ல நாணும், பீப்புக்கு மேலும் கீழும் இறுக்கமான நூல்கட்டும் இருந்தாலே போதும். உயரத்தை அமைக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு இழுத்து, ஆங்கரில் இயல்பாக நின்றபின் கண்ணைத் திறந்து பாருங்கள். துளை கண்ணுக்கு நேராக இல்லையென்றால் பீப்பை நகர்த்துங்கள், கழுத்தை நகர்த்தாதீர்கள்.

ஆகவே காம்பவுண்ட் எடுத்தவர் பீப்போடு மூக்கு நுனித் தொடுகையை வைத்துக்கொள்ளட்டும். கிஸ்ஸருக்கு அங்கே வேலை இல்லை. ரிகர்வ் எடுத்தவருக்கு முதல் ஆண்டில் கிஸ்ஸர் உதவும், அதன்பின் தாடை எலும்பும் மூக்கு நுனியும் போதும் என்பது என் கருத்து. இடவலப் பிழைக்கு இவை எதுவும் முழு மருந்தல்ல. கண்முன் மங்கலாகத் தெரியும் நாணின் நிழலை ஒவ்வொரு முறையும் வில்லின் ஒரே விளிம்பை ஒட்டி நிறுத்துவதுதான் அதற்கு வழி, செலவும் இல்லை.

கிஸ்ஸரைக் கழற்றும் காலம் வந்ததா என்று அறிய 18 மீட்டரில் சோதிக்கலாம். அங்கே 1 மி.மீ. பிழை 2 செ.மீ. ஆகத் தெரியும். கிஸ்ஸரோடு 30 அம்பு, அதை எடுத்துவிட்டுச் சைட்டைச் சரிசெய்துகொண்டு 30 அம்பு. மேல்கீழ்ப் பரவல் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் வட்டைப் பெட்டியில் போடலாம். கூடியிருந்தால் மறுபடி கட்டிக்கொண்டு, ஒரு மாதம் கழித்து இதே சோதனையைச் செய்து பாருங்கள்.