கடைப் பெயரைச் சுமக்க எந்த வண்டி: வேகன்ஆரா, குட்டி யானையா, ஈகோவா?

கோவை காந்திபுரத்தில் எனக்கு ஸ்டிக்கர் கடை. வண்டியை வாங்கி மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்துவிட்டு, அப்புறம்தான் எல்லாரும் பெயர் ஒட்ட என்னிடம் வருவார்கள். வாங்குவதற்கு முன்னாலேயே வந்து கேட்பவர்கள் அபூர்வம். போன மாதம் அப்படி ஒருவர் வந்தார். மரச்செக்கு எண்ணெய் வியாபாரம். வீடு வீடாக டெலிவரி கொடுக்க வண்டி வேண்டும், அதுவே விளம்பரமாகவும் ஓட வேண்டும். "எந்த வண்டி எடுத்தா கடைப் பேரு நல்லாத் தெரியுமுங்ணா?" என்றார். மனதில் மூன்று வண்டி வைத்திருந்தார்: மாருதி வேகன்ஆர் கார், குட்டி யானை என்று நாம் சொல்லும் டாடா ஏஸ் சின்ன சரக்கு வண்டி, மாருதி ஈகோ கார்கோ வேன்.

முதலில் ஒன்றைச் சொன்னேன். ஓடுகிற வண்டியில் யாரும் ஃபோன் நம்பர் படிப்பதில்லை. சிக்னலில் நிற்கும்போதும், சரக்கு இறக்க ஓரம் கட்டும்போதும்தான் கண் அங்கே போகிறது. 2025 அக்டோபரில் அவிநாசி சாலை மேம்பாலம் திறந்த பிறகு பத்து கிலோமீட்டரை நிற்காமல் தாண்டிவிடலாம். நேரம் மிச்சம்தான். ஆனால் பெயர் தெரிய வேண்டும் என்றால் கீழே சிக்னலில் நின்று போகிற வண்டிக்குத்தான் வேலை நடக்கும். ஆக, நிற்கும்போது எந்த வண்டி எதைக் காட்டுகிறது என்று பார்த்தால் போதும்.

வேகன்ஆரில் அவருக்கு ஆசை. வெள்ளை போர்டு, அதாவது சொந்த உபயோக நம்பர் பிளேட், குடும்பத்தோடு மருதமலைக்கும் போகலாம், அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் மறிக்கமாட்டார். உயரமான வண்டி என்பதால் பின்பக்கமும் ஓரளவு பெரிதாகவே இருக்கும். பக்கவாட்டில்தான் சிக்கல். பாதிக்கு மேல் கண்ணாடி, மீதித் தகட்டில் வளைவும் கைப்பிடியும். 'மரச்செக்கு எண்ணெய்' என்று எழுதினால் ஏதாவது ஓர் எழுத்து கைப்பிடிக்கு அடியிலோ கதவு இடுக்கிலோ போய் விழும். ஆங்கிலப் பெயர் என்றால் நாலு எழுத்தில் முடியும். நம் பெயர்கள் நீளம், கொம்பும் சுழியும் வேறு.

இன்னொரு சங்கடத்தை அவரே சொன்னார்: கல்யாண வீட்டுக்கு எண்ணெய் விளம்பரத்தோடு போய் இறங்க வீட்டுக்காரம்மாவுக்கு இஷ்டமில்லை. இதற்கு மேக்னட் ஷீட் இருக்கிறது. கதவில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், ஞாயிற்றுக்கிழமை கழற்றி வைக்கலாம். ஆனால் வாரம் ஒருமுறையாவது எடுத்துத் துடைக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே போன மண் பெயின்டைக் கீறிவிடும். பம்பர் பிளாஸ்டிக், அங்கே ஒட்டாது.

பின் கண்ணாடி முழுக்கத் துளை போட்ட ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லி நிறையப் பேர் கேட்கிறார்கள். உள்ளேயிருந்து பார்த்தால் தெரியும், வெளியே விளம்பரம். நான் ஒட்டுவதில்லை. கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2012-இலேயே சொல்லிவிட்டது. அபராதம் கட்டிவிட்டு வந்து என்னிடம்தான் சண்டை போடுவார்கள்.

குட்டி யானையை விற்பனைக்கு வந்த 2005-லிருந்தே பார்க்கிறோம், பெயர் வைத்ததே நம் ஜனங்கள்தான். சுமையை வைத்துப் பார்த்தால் அதற்கு நிகரில்லை. ஆனால் திறந்த பாடியின் பக்கத் தகட்டில் பெயர் எழுதுவதைப் போல வீண் வேலை கிடையாது. சரக்கு இறக்கும்போது அந்தத் தகடு கீழே மடங்கித் தொங்கும். எழுதிய பக்கம் டயரைப் பார்த்துக்கொண்டிருக்கும். பக்கத்துக் கடைக்காரர்கள் நின்று வேடிக்கை பார்க்கும் அந்தப் பத்து நிமிடமும் பெயர் மறைந்து கிடக்கும். மூடிய கண்டெய்னர் பாடி கட்டினால் கதையே வேறு: இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஏழடி நீளத்துக்கு மேடுபள்ளமில்லாத தகடு. எனக்கு அதைவிட நல்ல பலகை கிடையாது. செலவு கூடும், ஆர்.சி.யிலும் ஏற்ற வேண்டும். ஒரு நாளைக்கு ஐம்பது டின் எண்ணெய் விற்கிறவருக்கு இவ்வளவு பெரிய பெட்டி எதற்கு என்பதுதான் கேள்வி.

ஈகோ கார்கோவுக்கு வருவோம். மாருதியின் ஆம்னி வேன் 2019-இல் நின்றுபோன பிறகு அந்த இடத்தைப் பிடித்தது ஈகோதான். பெட்டி மாதிரி உடம்பு, தட்டையான பக்கம். ஸ்டிக்கர் ஒட்டுகிறவனுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. ஆனால் ஒரு இடத்தில் எல்லாரும் ஏமாறுகிறார்கள், ஆரம்பத்தில் நானும் ஏமாந்தேன். ஸ்லைடிங் கதவு பின்பக்கமாக நகர்ந்து, பின் சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகட்டை மூடிக்கொள்ளும். அங்கே ஃபோன் நம்பர் ஒட்டினால், கதவைத் திறந்து சரக்கு எடுக்கும்போது நம்பர் கதவுக்குப் பின்னால் போய்விடும். ஒரு கேட்டரிங்காரருக்கு அப்படி ஒட்டிக்கொடுத்து, மறுவாரம் உரித்து மறுபடி ஒட்டினேன். என் காசுதான். இப்போது நம்பரை ஸ்லைடிங் கதவிலேயே போடுகிறேன். கதவு எங்கே போனாலும் நம்பர் கூடவே போகும்.

வரியையும் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பரிலிருந்து சின்ன காருக்கும் சரக்கு வண்டிக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். வித்தியாசம் அதற்கப்புறம்தான். சரக்கு வண்டிக்குக் கட்டிய வரியை உங்கள் விற்பனை வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆள் போகிற காருக்கு அந்த வரவு கிடையாது. சின்ன வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் இரண்டுக்குமே கிடையாது, ஆடிட்டரைக் கேட்டுவிடுங்கள்.

சரக்கு வண்டிக்கு மஞ்சள் போர்டு. மஞ்சள் போர்டு என்றாலே பர்மிட், டிரைவர் பேட்ஜ் என்று பயப்படுகிறார்கள். சரக்கோடு சேர்த்து மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் சரக்கு பர்மிட் தேவையில்லை. குட்டி யானையும் ஈகோவும் அதற்குள்தான். சாதாரண கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உறுதி செய்திருக்கிறது. எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று, மட்டும் முதல் எட்டு வருடத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பிறகு வருடா வருடம். அது தொல்லைதான், மறைப்பதற்கில்லை.

பேட்டரி ஆட்டோவைப் பற்றியும் கேட்டார். ஜி.எஸ்.டி. 5 சதவீதம், பின்னால் பெட்டி பாடி, மெதுவாகப் போவதால் எல்லாரும் படிக்கிறார்கள். டவுனுக்குள்ளேயே சுற்றுகிறவருக்கு நான் தயங்காமல் சொல்வேன். இவருக்குச் செக்கு காங்கேயத்தில், போய்வர நூற்றைம்பது கிலோமீட்டருக்குக் கிட்ட. ஒத்துவராது.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளை வண்டியே எடுங்கள். மஞ்சளோ பச்சையோ வேண்டுமென்று முழு வண்டிக்கும் ஸ்டிக்கர் சுற்றினால் ஆர்.சி.யில் இருக்கும் நிறமும் ரோட்டில் ஓடும் நிறமும் வேறாகிவிடும், ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஒரு நடை. வெள்ளையில் கரும்பச்சை எழுத்து ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே தெரியும்.

அவர் ஈகோ கார்கோ எடுத்தார், வெள்ளையில். எண்ணெய் வகைகள் எல்லாவற்றையும் எழுதச் சொல்லி லிஸ்ட் கொண்டு வந்தார்: கடலை, எள்ளு, தேங்காய், விளக்கெண்ணெய், இலுப்பை. பேசிப் பேசி மூன்று வரியாகக் குறைத்தோம். இலுப்பையை மட்டும் விடமாட்டேன் என்றுவிட்டார், பின்கதவில் சின்னதாக ஒட்டியிருக்கிறேன்.