நடுத்தெரு மதியக் கேரியர்: எட்டு மாதம் சாப்பிட்டவன் எழுதுவது

சோற்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். கீழக்கரையில் உலை வைக்கிறவர்களுக்குத் தெரியும், ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் பருப்பு வேகாது, சோறு மஞ்சளித்துவிடும். காவிரித் தண்ணீர் குழாயில் வருகிற நாளில் பிடித்து வைக்கலாம். வராத நாளில் தள்ளுவண்டியில் குடம் வாங்க வேண்டும். சமைத்து விற்கிறவர் காசை மிச்சம் பிடிக்க நினைத்தால் முதலில் கை வைப்பது தண்ணீரில்தான். என் மனைவி இறந்த பிறகு ஒரு வருஷம் ஹோட்டல் சாப்பாடு சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொண்டவன் நான். இந்தக் கேரியரில் எட்டு மாதமாக வருகிற சோறு ஒருநாள்கூட மஞ்சளித்து வரவில்லை.

வள்ளல் சீதக்காதி அடங்கியிருக்கிற ஜும்ஆ பள்ளிக்கும் கடற்கரைக்கும் நடுவில், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய முடுக்கு ஒன்றில், ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் சமைக்கிறார்கள். போர்டு இல்லை, பெயரும் இல்லை. லாத்தா என்று எல்லாரும் கூப்பிடுகிற ஒரு அக்கா, அவர் மகள், பக்கத்து வீட்டு மாமி, மூன்று பேர்தான். ஏறக்குறைய முப்பது கேரியர் போகிறது. திங்கள் முதல் சனி வரை. மீன் உள்ள நாள் 90 ரூபாய், இல்லாத நாள் 70. மாதம் முடிந்து கொடுத்தால் போதும்.

மூன்று அடுக்குக் கேரியர். கீழ்த்தட்டில் சோறு, நடுவில் ஆணம் என்கிற குழம்பு, மேலே ஒரு காய். ரசம் மாதிரியான புளியாணம் தனியாக ஒரு தூக்கில் வரும். மீன் வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள். என்ன மீன் என்பதைக் கடல்தான் முடிவு செய்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. அப்போது நாட்டுப்படகில் வருவதைத்தான் வாங்க முடியும், விலையும் ஏறிவிடும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று பலமாக அடித்தால் அதுவும் இறங்காது. அப்படிப்பட்ட நாளில் ஐஸில் கிடந்த பழைய மீனை எண்ணெயில் போட்டு நாற்றத்தை மறைக்காமல், முட்டையோ மாசிக் கருவாட்டுச் சம்பலோ வைத்து 70 ரூபாய்க்கே கணக்கு எழுதுகிறார்கள். முரல் மீன் கிடைத்த நாளில் தேங்காய்ப்பால் ஊற்றி ஒரு ஆணம் வைப்பார்கள். அதை நான் சோற்றில் ஊற்றிக்கொள்வதில்லை. முதலில் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்துவிட்டுத்தான் சோற்றைத் தொடுவேன். காய் மட்டும் சுமார்தான். பூசணி, சுரை, மறுபடி பூசணி.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

நான் திருப்புல்லாணிப் பக்கத்துக்காரன். 1987 முதல் 2021 வரை இந்தத் தெருக்களில் தபால்காரனாக நடந்தவன். 623517 என்று பின்கோடு எழுதி வந்த உறைகளில் என் கைபட்டது எத்தனை என்று எனக்கே கணக்கில்லை. துபாயிலிருந்து வருகிற கடிதத்தில் அனுப்புகிறவரின் வீட்டு முகவரி இருக்காது, தபால் பெட்டி எண்தான் இருக்கும். இந்தப் பக்கம் கதவு எண் இருந்தும் பிரயோசனமில்லை. பழைய எண், புது எண், இரண்டும் அழிந்த சுவர். போதாததற்கு இங்கே கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீடு பெண்ணுக்குக் கொடுத்தது. உம்மா வீட்டு முகவரியில் பெயர் இருக்கும், ஆள் மாமியார் வீட்டில் இருப்பார். எந்த வீட்டுப் பிள்ளை எந்த வீட்டில் பெண் எடுத்தது என்று தெரியாதவன் நடுத்தெருவில் ஒரு கடிதத்தையும் சரியாகக் கொடுக்க முடியாது. எனக்கு அது படிய இரண்டு வருஷம் ஆனது.

வீட்டில் பெண்கள் மட்டும் இருப்பார்கள் என்பதால் சைக்கிள் மணியை அடித்துவிட்டு நான்கடி தள்ளி நிற்பேன். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீளும். முதியோர் பென்ஷன் மணியார்டர் வந்த காலத்தில் அந்தக் கை மையில் தோய்ந்து ரேகை வைக்கும். முகம் பார்க்காத வீடுகளில்கூட, கையைப் பார்த்து அந்த வீட்டில் நல்லதா கெட்டதா என்று சொல்ல எனக்குத் தெரிந்திருந்தது. பென்ஷன் வங்கிக்குப் போனது, கடிதம் செல்போனுக்குப் போனது. கதவைத் தட்ட ஆளில்லாமல் போன முடுக்குகளில் இப்போது தினமும் தட்டுவது இந்தக் கேரியர்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

2011 கணக்கெடுப்பின்போது ஒரு டீச்சருக்கு வாசல் காட்ட இரண்டு மத்தியானம் கூடவே போனேன். பிப்ரவரி 9 முதல் 28 வரை எடுத்த கணக்கு அது. அந்த நாட்கள் முழுவதும் வெளிநாட்டில் இருக்கிறவர் பெயரை இங்கே சேர்க்கக் கூடாது என்பது விதி. உம்மாமார் கதவுக்குள் நின்று வரிசையாகச் சொல்வார்கள். மூத்தவன் துபாய், அடுத்தவன் சவூதி, சின்னவனுக்கு மெட்ராஸ் மண்ணடியில் கடை. டீச்சர் பேனாவைத் தூக்கிக்கொண்டு, “இப்ப வீட்ல யாரும்மா இருக்கா?” என்று கேட்பார். “நாந்தான் இருக்கேன்.” ஏழு பெயர் சொன்ன வீட்டில் ஒரு பெயர் எழுதிவிட்டு வருவோம். அப்படி எழுதியும் ஊருக்கு 38 ஆயிரத்துச் சொச்சம் வந்தது. அதற்கடுத்த கணக்கு 2021இல் வந்திருக்க வேண்டும், கொரோனாவில் தள்ளிப்போய் 2027 என்று அறிவித்திருக்கிறார்கள். இடையில் யார் போனார்கள், யார் வந்தார்கள் என்பது தெரிய வேண்டுமானால் மத்தியானம் பன்னிரண்டரைக்கு இந்த வீட்டுப் பின்கட்டில் வந்து நிற்கலாம்.

கேரியர் மூடியில் பெயின்ட்டில் எண் போட்டிருக்கிறது. 4, 5, 9 மூன்றும் கட்டிய காலத்தில் இருபது பேர் இருந்த வீடுகள், இப்போது ஒவ்வொன்றிலும் ஒரு பெரியம்மா. 11 ஓய்வுபெற்ற ஒரு உஸ்தாது, மார்க்கம் ஓதிக்கொடுத்தவர். 17உம் 18உம் ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்த நான்கு பையன்கள், ஒரு காலி வீட்டின் முன் அறையில் தங்கி இரண்டு கேரியரை நான்கு பேராகச் சாப்பிடுகிறார்கள். அந்த இரண்டில் மட்டும் சோறு அழுத்தி வைத்திருப்பதை நானே பார்த்தேன். கேட்டதற்கு லாத்தா, “வளர்ற புள்ளைங்கண்ணே” என்றார். பணம் அதே பணம்தான். 22 வெளியூரிலிருந்து வந்த ஒரு நர்ஸ். 26 நான். எங்கள் முடுக்கில் 14 வாசல், அதில் 5 பூட்டு. பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் அவை திறக்கும்.

முடுக்குக்குள் வண்டி போகாது. லாத்தாவின் தங்கை மகன் சைக்கிளில் பெரிய தெருக்களுக்குக் கொண்டுபோகிறான். பெரியம்மாக்கள் தனியாக இருக்கிற வீடுகளுக்கு மாமியே நடந்துபோய் உள்ளே வைத்துவிட்டு, முந்தின நாள் கேரியரை எடுத்து வருகிறார். சும்மா வைத்துவிட்டு வருவதில்லை, ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வருகிறார். சாப்பாடு தாமதமாவதற்கு இதுதான் காரணம். இந்தத் தாமதத்தைக் குறைக்கச் சொல்ல எனக்கு மனமில்லை.

திரும்பி வருகிற கேரியரை லாத்தா திறந்து பார்த்த பிறகுதான் கழுவப் போடுகிறார். உஸ்தாது மூன்று நாளாகச் சோற்றை மிச்சம் வைத்தார், குழம்பு மட்டும் காலியாகி இருந்தது. லாத்தா மாமியை விசாரிக்கச் சொன்னார். பல்செட் உடைந்து போயிருக்கிறது, மகனிடம் சொன்னால் செலவு என்று அவர் சொல்லவில்லை. அன்றிலிருந்து 11ஆம் நம்பரில் குழையக் காய்ச்சிய கஞ்சியும் முள்ளெடுத்த மீனும் போனது. மகனுக்குப் போன் போட்டது லாத்தாதான். எனக்கும் ஒருமுறை, “அண்ணே, நேத்து ஆணம் அப்படியே திரும்பி வந்திருக்கே, மேலுக்கு முடியலையா?” என்று கேட்டு ஆள் அனுப்பினார். அன்று என் மனைவியின் திதி, மீன் தொடவில்லை. சொல்ல மறந்திருந்தேன். அடுத்த அமாவாசைக்கு நான் சொல்லாமலே பருப்பும் அப்பளமும் வந்தன.

நோன்பு மாதத்தில் என்ன செய்வதென்று எனக்குக் கவலை. முக்கால்வாசிப் பேர் நோன்பு, மதியச் சாப்பாடு கேட்கிறவர்கள் ஏழெட்டுப் பேர்தான். ஒரு மாதம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று போய்ச் சொன்னேன். “நோன்பு எங்களுக்குத்தானே, உங்களுக்குப் பசிக்காதா?” என்றார். ஞாயிறு தவிர அந்த மாதம் முழுவதும் வந்தது. உப்பு மட்டும் ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். அவர்கள் நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டார்கள், கண்ணளவுதான். வாய் வறண்டு, அடுப்பு முன்னால் நின்று, தான் சாப்பிடாத சோற்றை ஏழு பேருக்குக் கட்டி அனுப்புகிறவரிடம் உப்பைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. சாயங்காலம் நோன்புக் கஞ்சியும் ஒரு தூக்கு வந்துவிடும்.

குறை இருக்கிறது, எழுதாமல் விட்டால் சேருகிறவர்கள் என்னைத் திட்டுவார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவால் கேரியர் வந்து சேர இரண்டே கால் ஆகிவிடுகிறது. சர்க்கரை மாத்திரை போடுகிறவர்களுக்கு இது ஆகாது. நான் இரண்டு பிஸ்கட் வைத்துக்கொள்கிறேன், அது ஒரு வழி அல்ல. அன்று மட்டும் பதினொன்றரைக்கே கட்டிவிட முடியுமா என்று கேட்டிருக்கிறேன், பார்க்கிறேன் என்றிருக்கிறார்கள். தேங்காய்ப்பாலும் தாராளம். கொழுப்பு குறைக்கச் சொன்ன டாக்டர் சீட்டு உள்ளவர்கள் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சொன்னால் தனிச் சட்டியில் வைக்கிறார்கள், சொல்லாவிட்டால் ஊர்ச் சுவைதான். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குப் பூசணியைத் தவிர பெரிதாக எதுவும் கிடைக்காது. நான் சேர்ந்தபோது 80 ஆக இருந்த மீன் சாப்பாடு 90 ஆனது. தேங்காயும் குடம் தண்ணீரும் விற்கிற விலையில் அதை அதிகம் என்று சொல்ல மாட்டேன்.

சேர வேண்டுமானால் பள்ளிக்குக் கிழக்கே எந்தப் பெட்டிக்கடையில் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள். காலை பத்துக்கு முன் போக வேண்டும், ஆண்கள் பின்கட்டு வாசலில் நின்று குரல் கொடுக்க வேண்டும். மூன்றடுக்குக் கேரியர் இரண்டு செட் நாம் வாங்கிக் கொடுக்க வேண்டும், எண்ணை அவர்களே எழுதிக்கொள்வார்கள். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் பெற்றோருக்காகச் சேர்த்தால் பணத்தை மட்டும் அனுப்பாமல் என்ன மருந்து, எத்தனை மணிக்கு, எந்தப் பல் இல்லை என்பதையும் சொல்லி அனுப்புங்கள், கேட்டுக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அன்றைக்கு நான் பழைய சோற்றில் மோர் ஊற்றிக்கொள்கிறேன்.