எட்ட வட்டமா, கர்ப்போட்டமா: எந்த மழைக்குறியை நம்பலாம்?

களத்தில் நெல் காய்ந்தால், படுக்கப்போகும் முன் எங்கள் அப்பத்தா நிலாவைப் பார்ப்பார். சுற்றிலும் பெரிய வளையம் தெரிந்தால், அந்த ராத்திரியிலேயே நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு, ஓரமெல்லாம் கல் வைக்கச் சொல்வார். "எட்ட வட்டம் கிட்ட மழை, கிட்ட வட்டம் எட்ட மழை" என்பது அவர் கணக்கு. மார்கழி மேகத்தை வைத்து அடுத்த ஆண்டு மழையைச் சொல்லும் கர்ப்போட்டமும் பார்ப்பார். வானிலை அறிவியலிடம் கொடுத்தால் முதல் குறி தேறுகிறது, இரண்டாவது தேறவில்லை.

எட்ட வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ 22 டிகிரி. கையை நீட்டி நிலாவில் கட்டைவிரலை வைத்துச் சாண் பிடித்தால், சுண்டுவிரல் நுனி வளையத்தைத் தொடும். 6 கி.மீ.க்கு மேலே பரவிய மெல்லிய மேகத்தில் உள்ள அறுகோணப் பனிப்படிகங்கள் நிலவொளியை வளைப்பதால் வருவது இது. வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் உருவானால் இந்த மேகம் அதற்கு வெகுதூரம் முன்னாலேயே பரவிவிடும். கிட்ட வட்டம் வேறு ரகம்: நிலாவை ஒட்டினாற்போல் தெரியும் அது மெல்லிய மேகத்தின் நுண்ணிய நீர்த்துளிகளால் வருகிறது. அந்த மேகத்துக்கு மழை பெய்யும் கனம் இல்லை. இரண்டு வளையத்தையும் வெறுங்கண்ணால் பிரித்தறிந்து பழமொழியாக்கியவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. ஆனால் கோடை இடிமழை ஓய்ந்தபின் மிஞ்சும் மேகமும் எட்ட வட்டம் போடும். அப்போது குறி பொய்க்கும்.

கர்ப்போட்டம் கேட்பது மிகப் பெரிய விஷயம். மார்கழிப் பிற்பாதியில், சூரியன் பூராட நட்சத்திரத்தில் நிற்கும் சுமார் 14 நாளின் மேகத்தை வைத்து அடுத்த ஆண்டு மழையைச் சொல்வது அது. அந்த மேகமோ ஓரிரு நாளில் கலைந்துவிடும். நாள்வாரியான கணிப்புக்கு இரண்டு வாரம்தான் எல்லை என்கிறது அறிவியல். அதற்கு அப்பால் ஏதாவது தடயம் உண்டென்றால் அது பெரும்பாலும் கடலின் சூட்டில் இருக்கிறது. 2015-ல் எல் நினோ, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவது, வலுத்திருந்தது, தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை கொட்டியது. அது தணிந்த 2016-ல் அந்த மழை வழக்கத்தைவிட 62% குறைந்தது.

ஈசல் பறந்தால் மழை வரும் என்பதும் ஒரு குறிதான். ஆனால் ஈசல் பெரும்பாலும் மழை நனைத்த மண்ணிலிருந்துதான் கிளம்புகிறது. பெய்த மழைக்கு அது சாட்சி, அவ்வளவே.

களத்து நெல்லுக்கு எட்ட வட்டத்தைப் பாருங்கள். வானிலை மையத்தின் புயல் எச்சரிக்கை அதற்கும் முன்னால் வந்துவிடும், அதையும் கேளுங்கள். ஆனால் கர்ப்போட்டம் பொய்த்தது என்று விதைநெல்லை மட்டும் விற்றுவிடாதீர்கள்.