கடல் தாண்டிய தெய்வங்கள்: சிங்கப்பூரின் இரு கோயில்கள்

சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் உள்ள தியான் ஹோக் கெங், ஊரை அப்படியே பெயர்த்துக் கொண்டுவர முயன்ற கோயில். 1839 முதல் 1842 வரை ஹொக்கியன் குடியேறிகள் (தென்சீனாவின் ஃபூஜியன் பகுதியிலிருந்து வந்தவர்கள்) அதைக் கட்டியபோது, கடற்பயணிகளைக் காக்கும் அன்னை மாசுவின் சிலையையும் சீனாவிலிருந்தே வரவழைத்தனர்; 1907-இல் சீனப் பேரரசர் குவாங்ஷூ வழங்கிய எழுத்துப்பலகையும் வந்து சேர்ந்தது. கரையிறங்கியதும் ஊதுவத்தி ஏற்றி நன்றி சொன்னவர்களுக்கு அன்று எதிரிலேயே கடல் இருந்தது. இன்று கடலைத் தூர்த்த நிலத்தில் அடுக்குமாடிகள் நிற்கின்றன.

லோயாங் துவா பெக் கோங் கோயிலின் போக்கு வேறு. 1980-களில், கடற்கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த பல சமயச் சிலைகளுக்குப் போட்ட சிறு கொட்டகையில் தொடங்கியது அது. மூலவர் துவா பெக் கோங்கின் பெயரே உறவுமுறைப் பெயர். நம் வழக்கில் ஏறத்தாழ ‘பெரியப்பா’ எனலாம். தென்கிழக்காசியச் சீனரிடையே வேரூன்றிய அந்தத் தெய்வத்தோடு, ஒரே வளாகத்தில் பிள்ளையார் சந்நிதியும், மலாய் முஸ்லிம் பெரியவர் ஒருவருக்கான கெராமத்தும் (புனிதத் தலமும்) உள்ளன. கெராமத்தில் பன்றியிறைச்சி படைப்பதில்லை.

முன்னதில் மரபின் தூய்மையும், டிராகன் சுற்றிய கருங்கல் தூண்களின் நேர்த்தியும் மேலோங்கி நிற்கின்றன. ஆனால் புலம்பெயர்வு வழிபாட்டை எப்படி மாற்றுகிறது என்று அறிய விரும்புபவர் லோயாங்கிற்கே முதலில் போக வேண்டும் என்பேன்: அங்கே ஊதுவத்தியைச் சட்டியில் செருகிவிட்டு, அதே கையோடு பிள்ளையாரையும் கும்பிடும் சீன மூதாட்டியை எளிதாகக் காணலாம்.