ஈமேக்ஸ்: ஆப்டில் எடுப்பதா, மூலநிரலில் இருந்து கட்டுவதா?

ஈமேக்ஸ் ஓர் உரைத்தொகுப்பி; ஆப்ட் என்பது டெபியன், உபுண்டு லினக்ஸ்களில் மென்பொருள் பொதிகளை நிறுவும் கருவி. டெபியன் 12 டெஸ்க்டாப்பில் ஆப்ட் கொடுக்கும் ஈமேக்ஸ் 28.2. உபுண்டு 22.04-இல் 27.1, 24.04-இல் 29.3. நிரலை அலசிப் பிழை காட்டும் மொழி சர்வர்களோடு பேசும் ஈக்லாட்டும், நிரலின் கட்டமைப்பைப் பகுக்கும் ட்ரீ-சிட்டர் நூலகத்துக்கான ஆதரவும் கூடவே வரத் தொடங்கியது 2023 ஜூலையில் வெளியான 29.1-இல்தான். ஆக, இயங்குதளத்தை மாற்றாமல் புது ஈமேக்ஸ் வேண்டும் என்பவர்களுக்குத்தான் இந்தத் தலைவலி. டெபியன் 13-க்குப் போய்விட்டவர்கள் ஆப்டில் வரும் 30.1-ஐ எடுத்துக்கொண்டு வேறு வேலை பார்க்கலாம்.

இதை எழுதும் கணினியில் ஓடுவது டார்பாலில் (வெளியீட்டோடு வரும் மூலநிரல் மூட்டை) இருந்து கட்டிய 30.1. தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை இப்போதே சொல்லிவிடுவது நியாயம்.

ஆப்டைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே கட்டளை, ஒரு நிமிடம், மெனுவில் ஐகான் வந்துவிடும். எந்த லினக்ஸிலும் நிறுவக்கூடிய பொதிமுறையான ஃப்ளாட்பேக்கில் புதிய பதிப்பு கிடைக்கும். ஆனால் அது மணற்பெட்டிக்குள் ஓடுவதால் கணினியில் நிறுவியிருக்கும் ஜிசிசி கம்பைலர், பைத்தான், மொழி சர்வர்கள் எதுவும் நேராகக் கண்ணில் படாது. ஒவ்வொன்றையும் ஃப்ளாட்பேக்-ஸ்பான் வழியாக வெளியே போய் அழைக்க வேண்டும். குறிப்பெழுத மட்டும் ஈமேக்ஸ் வைத்திருப்பவருக்கு இது ஒரு குறையே இல்லை. நிரல் எழுதுபவருக்குச் சலித்துவிடும் என்பது என் கணிப்பு. மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்துச் சொல்வதல்ல.

மூலநிரலுக்கு வருவோம். கிட் களஞ்சியத்தை இறக்காதீர்கள், டார்பாலை எடுங்கள். டார்பாலில் லிஸ்ப் கோப்புகள் பைட்-கம்பைல் ஆகியே வருகின்றன. சி பகுதியைக் கட்டினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. கிட்டில் எடுத்தால் ஆட்டோகான்ஃப், டெக்ஸ்இன்ஃபோ இரண்டும் தேவை, எல்லா லிஸ்ப் கோப்புகளையும் முதலில் இருந்து கம்பைல் செய்ய வேண்டும், நேரம் பல மடங்கு ஆகும்.

கட்டுவதற்குத் தேவைப்படும் சார்புப் பொதிகளுக்கு எல்லோரும் சொல்லும் குறுக்குவழி 'ஆப்ட் பில்ட்-டெப் ஈமேக்ஸ்'. ஆப்டின் மூலப் பட்டியலில் டெப்-எஸ்ஆர்சி (மூலநிரல் பொதிகளுக்கான) வரியைத் திறந்துவிட்டால் அது ஓடும். ஆனால் டெபியன் 12-இல் அது கொண்டுவருவது 28.2-க்கான பட்டியல். ட்ரீ-சிட்டர் அதில் கிடையாது; லிப்ட்ரீ-சிட்டர்-டெவ் பொதியைத் தனியாக நிறுவ வேண்டும். மறந்தால் பிழை எதுவும் வராது. கட்டுவதற்கு முன் ஓட்டும் கான்ஃபிகர் நிரல் அமைதியாக அதை விட்டுவிட்டுக் கட்டிக்கொடுக்கும். ஆகவே கான்ஃபிகர் முடிந்ததும் கடைசியில் வரும் 'யெஸ், நோ' பட்டியலை வரி விடாமல் படியுங்கள். தமிழில் எழுதுபவர்கள் அங்கே எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் நூலகத்தின் வரியையும் பார்க்க வேண்டும். சாளர இடைமுக நூலகமான ஜிடிகே-3-இன் டெவ் பொதி (கட்டும்போது மட்டும் தேவைப்படுவது) இருந்தால் அது கூடவே வந்துவிடும். ஜிடிகே வேண்டாமென்று லூசிட் டூல்கிட்டில் கட்டும்போதுதான் விட்டுப்போகும். பிறகு கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கும்.

லிஸ்ப்பை இயந்திரமொழியாக்க உதவும் நூலகம் லிப்ஜிசிசிஜிட். 'லிப்ஜிசிசிஜிட் ஸ்மோக் டெஸ்டில் தோற்றது' என்று கான்ஃபிகர் நின்றால் பெரும்பாலும் பதிப்புப் பொருத்தம்தான் காரணம். ஜிசிசி 12 என்றால் லிப்ஜிசிசிஜிட்-12-டெவ். வேறு எண் ஒத்துவராது. பிஜிடிகே (ஜிடிகே-யை மட்டும் வைத்துத் திரையில் வரைவது) விருப்பத்தை, புதிய திரைமுறையான வேலேண்ட் பயன்படுத்துபவர்கள் மட்டும் கொடுக்கவும். பழைய திரைமுறையான எக்ஸ்-இல் ஓட்டினால் ஈமேக்ஸே எச்சரிக்கும்.

இதெல்லாம் ஒருநாள் வேலை. தீர்ப்பு எழுதுவது அதற்குப் பிறகான பராமரிப்பு. ஆறு மாதம் கழித்து என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி.

நீங்கள் கட்டிய ஈமேக்ஸ் இருப்பதே ஆப்டுக்குத் தெரியாது. கட்டி முடித்ததும் இடம் மிச்சம் பிடிக்க டெவ் பொதிகளை நீக்கி ஆட்டோரிமூவ் (எந்தப் பொதிக்கும் தேவைப்படாததை நீக்கும் ஆப்ட் கட்டளை) ஓட்டினால், அவற்றோடு ஒட்டி வந்த நூலகங்களும் போய்விடும். அடுத்த முறை ஈமேக்ஸ் திறக்காது. இயங்குதளம் ஒரு பதிப்பு தாண்டும்போது நூலகங்களின் சோநேம் (பதிப்பெண்ணோடு கூடிய பெயர்) மாறினாலும் இதே கதி. ஈமேக்ஸ் பைனரிக்கு 'எல்டிடி' கட்டளை கொடுத்துப் பார்த்தால் எது 'நாட் ஃபவுண்ட்' என்று தெரிந்துவிடும். அந்த நூலகம் இன்னும் கிடைத்தால் நிறுவலாம், இல்லையென்றால் திரும்பக் கட்ட வேண்டியதுதான்.

பாதுகாப்புத் திருத்தங்களிலும் ஆப்டே கெட்டி. 2024 மார்ச்சில் 29.3-உம் ஜூனில் 29.4-உம் வந்தது பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கத்தான். டெபியன் அவற்றைப் பழைய பதிப்புக்கே கொண்டுபோய் ஒட்டிவிடுகிறது. சொந்தமாகக் கட்டியவர் தானே கவனித்து, தானே மறுபடி கட்ட வேண்டும். இந்தப் பொறுப்பு வேண்டாம் என்றால் ஆப்டோடு நின்றுவிடுவதே மேல்.

அப்படியிருந்தும் மூலநிரல் பக்கம் நிற்பதற்குக் காரணம் ப்ரீஃபிக்ஸ், அதாவது எங்கே நிறுவ வேண்டும் என்று கான்ஃபிகருக்குச் சொல்லும் விருப்பம். கொடுக்காமல் விட்டால் எல்லாம் யூஎஸ்ஆர்-லோக்கலுக்குள் சிதறும்; கட்டிய அடைவைத் தொலைத்தால் 'மேக் அன்இன்ஸ்டால்' வழியும் போச்சு. ஆப்ட் அடைவுக்கும் அதற்கும் குழப்பம் வராதபடி 'ஓபிடி'க்குள் ஈமேக்ஸ்-30.1 என்று தனி அடைவைக் கொடுங்கள். யூஎஸ்ஆர்-லோக்கல்-பின்னில் ஈமேக்ஸ், ஈமேக்ஸ்கிளையன்ட் இரண்டுக்கும் சிம்லிங்க் (கோப்பைச் சுட்டும் இணைப்பு). மெனு ஐகானுக்கு டெஸ்க்டாப் கோப்பை வீட்டு அடைவுக்குள் .லோக்கல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ் அடைவில் நகலெடுத்தால் போதும். புதிய பதிப்பைப் பக்கத்திலேயே இன்னொரு அடைவில் கட்டி, சிம்லிங்கை மாற்றலாம். சரிவரவில்லையா, இரண்டு நொடியில் பழையதற்குத் திரும்பலாம். ஆப்டில் இந்த வசதி சுலபத்தில் கிடைக்காது. நீக்குவதும் ஒரே அடைவை அழிப்பதுதான். ஆனால் அடைவின் பெயரைப் பிறகு மாற்றாதீர்கள். பாதை பைனரிக்குள்ளேயே பதிந்திருக்கிறது.

பழைய பதிப்புக்குத் திரும்பும்போது ஒரு சிக்கல். புதிய ஈமேக்ஸ் கம்பைல் செய்த ஈஎல்சி (பைட்-கம்பைல் ஆன லிஸ்ப்) கோப்புகள் பழையதில் ஓடாமல் போகலாம். 29-இல் இருந்து கிடைக்கும் 'பேக்கேஜ்-ரீகம்பைல்-ஆல்' அதைச் சரிசெய்யும். ஈஎல்என் (இயந்திரமொழியாக்கிய லிஸ்ப்) கேஷ் பதிப்புக்கு ஒரு துணை அடைவாகப் பிரிந்திருப்பதால் மோதாது, ஆனால் சேர்ந்துகொண்டே போகும். 'நேட்டிவ்-கம்பைல்-ப்ரூன்-கேஷ்' கொடுத்துப் பழையதைக் களையலாம்.

கான்ஃபிகருக்கு என்னென்ன விருப்பங்கள் கொடுத்தோம் என்பதை எங்கும் எழுதி வைக்கத் தேவையில்லை. ஓடும் ஈமேக்ஸில் 'சிஸ்டம்-கான்ஃபிகரேஷன்-ஆப்ஷன்ஸ்' மாறியைத் திறந்தால் முழு வரியும் அப்படியே இருக்கும்.