விரிசல் திரும்பவில்லை, பளபளப்புதான் போகவில்லை

திருப்பூரில் இருக்கும் நண்பர் சென்ற வாரம் தன் பென்ஸ் 240டி காரின் டேஷ்போர்டைப் படமெடுத்து அனுப்பி, "அண்ணா, இதைச் சரிசெய்யலாமா, மேலே ஓர் உறை வாங்கி ஒட்டிவிடலாமா?" என்று கேட்டிருந்தார். என் வண்டியின் பழைய படமோ என்று ஒரு கணம் திகைத்தேன். ஸ்பீக்கர் ஓரத்தில் பிறந்து கண்ணாடியை நோக்கி ஓடும் அதே விரிசல். மீட்டருக்கு மேலுள்ள மேட்டில் வாய் பிளந்த அதே வெடிப்பு. இந்தக் கார்கள் சேர்ந்த டபிள்யூ 123 வரிசையின் டீசல் எஞ்சின் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். டேஷ்போர்டுக்கு மட்டும் வெயில்தான் எமன்.

வைனில் தோலை இளக்கமாக வைத்திருக்கும் எண்ணெய்ப்பசை, வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிவிடுகிறது. முன்கண்ணாடியின் உட்புறம் நாம் துடைத்துத் துடைத்து அலுத்துப்போகும் அந்த மங்கல் படலம் பெரும்பாலும் அதுதான். பசை போனதும் தோல் சுருங்கி இறுகி வெடிக்கிறது. அடியிலுள்ள ஃபோம் தொட்டால் உதிர்கிறது.

என் வண்டியை முதலில் ஒரு பெயின்ட் கடையில் கொடுத்தேன். கதவில் விழுந்த பள்ளத்துக்குப் பூசும் அதே பட்டியை இதிலும் பூசினார்கள். இரும்பு மாதிரி நிற்கும் என்றார்கள். அதுதான் தவறு! பகலில் விரிந்து இரவில் சுருங்கும் பொருளின் நடுவே கல்லைப் பதித்தால் என்ன ஆகும்? சித்திரை முடிவதற்குள் பட்டியின் இரு கரைகளிலும் வெடித்து, ஒரு விரிசல் இரண்டாகிவிட்டது. வாங்கிய காசுக்கு இதைக்கூட யோசிக்காமல் வேலை செய்தார்களே என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை.

பிறகு நானே இறங்கினேன். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். முதல் நாள் முழுவதும் சிலிகான் பாலிஷைக் கழுவி எடுப்பதிலேயே போயிற்று. வண்டி கழுவுமிடங்களில் கேட்காமலே தடவிவிடும் அந்தப் பளபளப்பு எண்ணெய் துளி எஞ்சியிருந்தாலும் பெயின்ட் ஒட்டாமல் குழி குழியாக விலகிவிடும். பின்னர் மேல்நோக்கிச் சுருண்ட ஓரங்களை வெட்டி, உதிரும் ஃபோமைச் சுரண்டி, விரிசல் மேலும் ஓடாதபடி அதன் நுனியில் சிறு துளையிட்டேன். காய்ந்த பிறகும் வளையக்கூடிய, இரண்டு கலவை சேர்க்கும் பாலியூரித்தேன் நிரப்பியை மெல்லிய அடுக்குகளாக இட்டேன். 80, 180, 320 என்று படிப்படியாக நைசான உப்புத்தாளில் தேய்த்து, சொரசொரப்புக்கு ஒரு ஸ்பிரே, மேலே வைனில் பெயின்ட்.

இரண்டு அக்னி நட்சத்திரம் கடந்தாயிற்று. மயிரிழை விரிசல்கூட இல்லை. விரல் நகத்தால் அழுத்தினால் அமுங்கி எழுகிறது. இதைப் பெருமையோடுதான் சொல்கிறேன்.

ஆனால் மாலையில் அவிநாசியிலிருந்து கோவைக்குத் திரும்பிப் பாருங்கள். எதிரே சூரியன் இறங்கும் நேரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு அந்த ஒட்டு மட்டும் தனியாக மின்னுகிறது. தொழிற்சாலையில் தோலின் மீது வார்ப்பில் அழுத்திய வரிகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. என் ஸ்பிரேயோ புள்ளிகளாக நிற்கிறது. அந்த வரிகள் அதில் வரவே இல்லை. மூன்று முறை மங்கல் பெயின்ட் அடித்துவிட்டேன். காலையில் தெரியாது, நிழலில் தெரியாது, வண்டியைப் பார்க்க வருபவர்களுக்கும் தெரியாது. ஓட்டுகிற எனக்குத் தெரிகிறது. உள்ளிருக்கும் மர அலங்காரத்தையும் பழைய சீட்டையும் பார்த்து நிறையும் மனம், அந்த ஓர் இடத்தில் வந்து இடறிவிடுகிறது.

ஆகவே தம்பி, வேலை நன்றாக நிற்கும், ஆனாலும் செய்யாதீர்கள் என்றே சொல்வேன். பிளாஸ்டிக் உறையும் வேண்டாம். பசை போட்டு ஒட்டினால் அடியிலிருக்கும் அசல் வடிவம் போனது போனதுதான். மேலே ஒரு பருத்தித் துணியை விரித்து, வண்டியை நிழலில் நிறுத்தி, வெடிக்காத டேஷ்போர்டு ஒன்று எங்கேனும் கிடைக்கும்வரை காத்திருங்கள்.

இல்லை, செய்தே தீருவேன் என்றால் ஒன்று. மீட்டரை இழுத்து வெளியே எடுக்க வேண்டியிருந்தால், அதன் பின்னால் ஆயில் பிரஷர் முள்ளுக்கு எண்ணெய் கொண்டுவரும் மெல்லிய குழாய் இருக்கிறது. முரட்டுத்தனமாக இழுத்தால் அது முறிந்து, உள்ளே எண்ணெய் கொட்டும். அந்த வேலையை மட்டும் தனி ஆளாகத் தொடாதீர்கள். அடுத்த ஞாயிறு நான் வருகிறேன்.